நாற்பத்து மூன்றாம் பக்கம்

அந்தப் போனின் திரையில் மூலைக்கு மூலை விரிசல். பின்மூடி கழன்று விழாமலிருக்க இரண்டு ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதை என் மேசைமேல், இரவல் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாப் படத்தையும் அழி என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்து அழித்தாள். அப்போது எனக்கு வந்த பெருமிதத்தை நினைத்தால், இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகர். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நூலகம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் என் எரிச்சல் புரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். பிளக் எங்கே இருக்கிறது, எந்த ஃபேன் நன்றாகச் சுற்றும், எல்லாம் அத்துப்படி. எந்த அலமாரியில் என்ன புத்தகம் என்றால் மட்டும் முழிப்பார்கள். என் கம்ப்யூட்டரில் நான் மாதக்கணக்காக மல்லுக்கட்டிய ஒரு கோளாறை, ஒரு பிளஸ் ஒன் பையன் நின்றபடியே தட்டிச் சரிசெய்துவிட்டு, நீங்க அப்டேட் போடவே இல்லையே சார் என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனான். நன்றி சொல்வதா, அறைவதா என்று தெரியவில்லை. இதில் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி வேறு, கூட்டம் நெரிகிறது, புத்தகம் மட்டும் இரவல் போகக் காணோமே என்று கேட்டுவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. வேண்டிய பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்று சாயங்காலமே, நூலகத்துக்குள் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று நானாகவே ஒரு விதி போட்டேன். மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. வீம்புக்குப் போட்டதுதான்.

அடுத்த சனிக்கிழமையே அந்தப் பெண் மாட்டினாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிப்பவள். ஐந்தாறு வாரமாகச் சனிக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, ஒரே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான தடிப்புத்தகம் அது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி. உள்ளேயே உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம், ‘இரவல் இல்லை’ என்று அட்டையில் முத்திரை குத்தியதும் நான்தான். போனை மேலே பிடித்து அவள் பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன். அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. கம்ப்யூட்டரைச் சரிசெய்த அந்தப் பையன் மேசைப் பக்கம் வந்து, பாவம் பார்த்த குரலில் சொன்னான்: “இன்னா சார் நீங்க, அது எங்கயும் போவாது சார். போன்லயே குப்பைத்தொட்டி ஒண்ணு கீது. முப்பது நாளு அதுலதான் கெடக்கும், வேணும்னா திருப்பி எடுத்துக்கலாம்.”

சுருக்கென்று தைத்தது. ஒரு பெண் என் கண்ணெதிரே என்னை முட்டாளாக்கிவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் பட்டது. திரும்பக் கூப்பிட்டேன். குப்பைத்தொட்டியைத் திற என்றேன். ஒருகணம் அவள் அந்தப் பையனைப் பார்த்தாள். பிறகு திறந்தாள். நானூறு படத்துக்கு மேல் இருந்தது. நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. அதற்குக்கூட அறிவு இருந்தது. அவள் விரலை எடுத்துவிட்டாள். நானே அழுத்தினேன்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. “எங்க ஹாஸ்டல்ல பதினோரு பேரு சார் இந்தப் பரீட்சை எழுதுறோம். எல்லாருக்கும் இந்த ஒரு போனுதான், மொற வச்சிப் பாத்துக்கினு இருந்தோம். மேல டவரும் கெடையாது. புக்க வெளிய தர மாட்டேன்றீங்க, போட்டோவும் எடுக்கக் கூடாதுன்றீங்க. நாங்க இன்னாதான் சார் பண்றது?”

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. விடுதியில் தேர்வு வரைக்கும் யாரையும் கீழே அனுப்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தேவையில்லாமல் வந்து கழுத்தறுக்கும்போது, வர வேண்டியவள் வராமல் போனாளே என்று அதற்கும் அவள்மேலேயே கோபப்பட்டேன். என் குணம் அப்படி.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்று நூலகத்தைத் திறந்து, கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நானே படம் எடுக்க ஆரம்பித்தேன். நான் போட்ட விதியை நானே மீற வேண்டியதாயிற்று. இடது கையால் பக்கத்தை அமுக்கிப் பிடித்து வலது கையால் எடுப்பதற்குள் முதுகு விட்டுப்போனது. பாதிப் படம் கோணல். வெட்கத்தை விட்டு அந்தப் பையனிடமே கேட்டு, உறுப்பினர் படிவத்தில் அவள் எழுதியிருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழும், சேராவிட்டால் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்தான். எல்லாவற்றுக்கும் ஒரு டிக்தான் விழுந்தது.

பஸ் ஏறி நேரில் போயிருக்கலாம். கச்சிராயபாளையம் தாண்டினால் மலைப்பாதை, அரை நாள் வேலை. போகவில்லை. அனுப்பிவிட்டேனே என்ற சமாதானம் ஒன்று இருந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கெடுத்தது. தினமும் காலையில் எடுத்துப் பார்ப்பேன், ஒரு டிக். அடுத்த வாரமும் அதே ஒரு டிக்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில், காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் கண்ணெதிரே டிக்குகள் மாறின. ஒன்று, இன்னொன்று, பிறகு சரசரவென்று எல்லாமே இரண்டிரண்டாயின. தேர்வு எழுத வரும் பிள்ளைகளின் பஸ் மலையை விட்டு இறங்கி, டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அத்தனை பக்கமும் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது, பரீட்சைக்குச் சில மணி நேரம் முன்னால். காபி அப்படியே ஆறிப்போனது.

முடிவு வந்து பல நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. “சார், எங்கள்ல யாருக்கும் சீட்டு கெடைக்கல. நானும் இன்னும் நாலு பேரும் ஹாஸ்டல்லயே இருந்து அடுத்த வருஷம் மறுபடி எழுதுறோம். நீங்க அனுப்பினதுல நாப்பத்தி மூணாம் பக்கத்துல உங்க கட்டைவெரலு வந்து பாதிக் கணக்க மறைக்குது. அத மட்டும் திரும்ப எடுத்து அனுப்புங்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வருடத்தைப் பறிகொடுத்துவிட்டு, என்னிடம் ஒரே ஒரு பக்கம் கேட்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் நூலகத்தைத் திறந்தேன். விரல் படாமல் எடுத்து அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. மாறுமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு, நூலகத்தைப் பூட்டிவிட்டு, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.