பக்கத்து வயல் பாய்

கூத்தாநல்லூர் சலாஹுதீனுக்கு எங்கள் கூடைப்பந்து வட்டாரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: பக்கத்து வயல் பாய். வைத்தவன் நான்தான். ஸ்கோர் மேசையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவனுக்குப் பெயர் வைப்பது சுலபம்.

ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள். ஒருவர் கூடைக்கு அடியில் நிற்பார், மற்றவர் பின்னால் நடுக்கோட்டுப் பக்கம். மைதானத்தை வரப்பு கட்டிய மாதிரி பிரித்துக்கொள்வார்கள். அவரவர் பகுதியில் நடக்கும் தப்புக்குத்தான் அவரவர் விசில். சலாஹுதீனுக்கு அந்த வரப்பு கண்ணில் படவே படாது. தப்பு எங்கே நடந்தாலும் ஊதிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் ஊதித் தொலைப்பார். கூட நிற்கும் நடுவர்களுக்கு எரிந்ததே அதனால்தான்.

மாநில நடுவர் தேர்வில் இதற்காகவே இரண்டு முறை அவரைக் கழித்துவிட்டார்கள். மளிகைக் கடையைத் தம்பி யூனுஸ் தலையில் கட்டிவிட்டு, சனி ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்த மனிதர். போன தை மாதம் மூன்றாவது தடவை. வயது வரம்புப்படி அதுதான் கடைசி. ஒரு ஆட்டத்தை நடத்திக் காட்டுவதுதான் தேர்வு. தேர்வாளர் சாரங்கபாணி ஆட்டத்துக்கு முன்னால் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "பாய், இன்னைக்கும் அடுத்தவர் ஏரியாவுல மூக்க நுழைச்சீங்கன்னா அவ்வளவுதான். ஊருக்குப் போயி பருப்பு நிறுத்துப் போடுங்க."

"இல்லங்க சார், நுழைய மாட்டேன்" என்றார் சலாஹுதீன். நாங்கள் சிரித்தோம்.

பள்ளிப் பெண்கள் ஆட்டம். கூடைக்கு அடியில் துரைராசு, பின்னால் சலாஹுதீன். பிரகதீஸ்வரி என்ற பதினேழு வயதுப் பெண் துள்ளி எழுந்து பந்தைப் போட்டாள். அவள் இறங்கும் இடத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி வேண்டுமென்றே காலை நீட்டி வைத்தாள். துரைராசுவின் பார்வையை இன்னொருத்தியின் முதுகு மறைத்தது. எனக்குத் தெரிந்தது. சலாஹுதீனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். விசில் வாயில் இருந்தது, கன்னம்கூட உப்பியது. சாரங்கபாணியை ஒரு பார்வை பார்த்தார். ஊதவில்லை.

பிரகதீஸ்வரி தடுமாறி எழுந்து ஓடினாள். "பாய் திருந்திட்டாருய்யா" என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தண்டனை இல்லை என்று தெரிந்ததும் காலை நீட்டியவளுக்குக் குளிர்விட்டுப் போயிற்று. பத்து நிமிடத்தில் அதே காலை அதே இடத்தில் வைத்தாள். இந்த முறை பிரகதீஸ்வரியின் முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. அந்தச் சத்தம் மேசை வரைக்கும் கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவள் சலாஹுதீனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், மொதல் தடவையே நீங்க பாத்தீங்கள்ல? பாத்தீங்கள்ல சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது என் ஏரியா இல்லம்மா."

பின்னாலேயே வந்துகொண்டிருந்த சாரங்கபாணி அவர் முதுகில் தட்டினார். "இதத்தான் பாய் மூணு வருஷமா சொல்லிட்டிருந்தேன். நீங்க பாஸ்."

அந்தப் பெண் அதையும் கேட்டாள்.