கிணற்றைக் கண்டால் பயம்

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்து அவரைச் சந்தித்தேன். அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். ஒல்லியான உருவம், பாதி நரைத்த தலை, சாயம் போன பருத்திப் புடவை.

எங்கள் ஊர் கீழப்பழுவூரில் பஸ் ஏறும்போதே எனக்கு ஒரே பயம். உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று. அவர் எதிரே உட்கார்ந்து தூக்கம் வரவில்லை, பசி இல்லை என்று எதையெதையோ சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் சொன்னேன். "கிணத்துப் பக்கம் போனா புள்ளைய உள்ள போட்டுருவேனோன்னு தோணுதுங்க. அதான் நான் தூக்குறதே இல்ல."

அவர் முகம் மாறவில்லை. நாம் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு தள்ளியே நிக்கிறீங்க. உங்களுக்கு உங்க மேலயே பயமா இருக்கு. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

அழுதுவிட்டேன். அதுவரை என்னைப் பேய் என்றே நினைத்திருந்தேன். பிள்ளையைக் காப்பாற்றத்தான் ஒதுங்கினேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இப்ப நான் என்னங்க செய்யணும்?"

"டாக்டரைப் பாக்குறது நல்லது, நானும் கூட வரேன். வீட்டுல யார்கிட்ட சொல்லலாம்னு உங்களுக்குத் தோணுது?"

யோசித்து, "எங்க வீட்டுக்காரர்கிட்ட" என்றேன்.

வீட்டுக்காரர் வெளியே பிள்ளையோடு காத்திருந்தார். நானே போய்ச் சொன்னேன். எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன்.

பயம் போக மாதங்கள் ஆயின. முன்பின் தெரியாத என்னை, கிணற்றைப் பற்றி நான் சொன்னதைக் கேட்ட பிறகும் அந்த அம்மா எப்படி நம்பினார் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.