மதகு திறக்காத கார்

எனக்கு ஏழு வயதாகும் வரை வாய்தா என்றால் ஒரு பண்டிகை. கோர்ட்டில் வழக்கைத் தள்ளிவைத்து இன்னொரு தேதி கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்பதெல்லாம் எனக்கு எதற்கு? வாய்தா அன்று பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா நடவுக்குப் போய்விடுவாள் என்பதால் என்னையும் கூட்டிப்போவார்கள். சித்தியின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, வாயைத் திறந்து காற்றைக் குடித்தபடி, நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் வரை போகலாம். "மறுபடியும் வாய்தாவாம்" என்று அப்பா வந்து சொல்லும்போது அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் ஓடிப்போய் காலண்டரில் அடுத்த தேதிக்கு வட்டம் போடுவேன். அவ்வளவு பெரிய அறிவாளி நான்.

வழக்கு மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலத்தைப் பற்றியது. தாத்தா பண்ணையாளாக வேலை பார்த்த அதே நிலத்தை அப்பா குத்தகைக்கு உழுதார். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை; அதை ஏற்றச் சொல்லித்தான் வழக்கு. நிலத்துக்காரப் பெரியவரின் மகன்கள் சென்னையிலிருந்து, விற்றுவிட்டு வா என்று குடைந்தார்கள். பெயர் ஏறிவிட்டால் எங்களை யாரும் அசைக்க முடியாது, ஏறாவிட்டால் அடுத்த நடவு எங்களுக்கு இல்லை. பெரியவர் எட்டு தடவை உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பினார். எட்டு வாய்தா. ஒன்பதாவது தடவை என்ன தோன்றியதோ, மகன்களுக்குத் தெரியாமல், தானே நேரில் வந்து உள்ளதைச் சொல்லிவிடுவதாக அப்பாவுக்குத் தகவல் அனுப்பினார். அடுத்த வாரம் அவர் சென்னைக்கே குடிபோகிறார். அன்று விட்டால் விட்டதுதான்.

அன்று காலை சாலியமங்கலத்தைத் தாண்டியதும் ஒரு டீக்கடை எதிரில் பெரியவரின் கார் மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. மகன் வாங்கிக் கொடுத்த, பின்பக்கம் குட்டையான டர்போ கார். முன்பக்கமெல்லாம் ஆவி. உள்ளே பெரியவர் வலது காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். முட்டியில் ஆபரேஷன் ஆன கால், பஸ் படியேறாது, ஆட்டோவுக்குள் மடங்காது. ஸ்கூட்டர் நிற்பதற்குள் அப்பா குதித்துவிட்டார். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கோ கொண்டாட்டம். கார் போகாது, வாய்தா உறுதி!

சித்தி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். டிரைவர் ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப்போனதும் சித்தி போட்ட சத்தத்தில் டீக்கடைப் பெஞ்சே எழுந்து நின்றது.

"அண்ணே, கைய எடுங்க! மூஞ்சி வெந்து போயிடும்!"

"டர்போ வண்டிம்மா இது. கண்டவங்களும் கை வைக்கக் கூடாது."

"டர்போவா இருந்தா என்ன, ஜெட்டா இருந்தா என்ன, தண்ணி சுத்துனாத்தானே சூடு அடங்கும்?"

டிரைவர் முறைத்தார். "பாக்கட்டும் விடுய்யா" என்றார் பெரியவர்.

சித்தி குனிந்து ரேடியேட்டரின் அடிக்குழாயைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே சிரித்தாள். இன்ஜின் கொதிக்கிறது, குழாய் சில்லென்று இருக்கிறது. பெரியவரிடம் போய், "ஐயா, தலைமடையில வெள்ளம், கடைமடை காஞ்சு கெடக்கு" என்றாள்.

வாழ்நாளெல்லாம் தண்ணீர் முறைக்குச் சண்டை போட்ட மனுஷன் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப நடுவுல மதகு தொறக்கல."

"அதேதான். தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு சாமான். சூடு ஏறுனா தானா தொறந்து வழி விடணும். அது தொறக்கலியா, இல்ல தண்ணிய தள்ளுற பம்ப்பே படுத்துடுச்சான்னு பாக்கணும். பம்ப்புன்னா இங்க ஒண்ணும் செய்ய முடியாது."

சூடு தணியும்வரை அப்பா ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோரிடமும் மணி கேட்டார். பதினொரு மணிக்கு கோர்ட்டில் பெயர் கூப்பிடுவார்கள். சித்தி ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு பித்தளைச் சாமானை வெளியே எடுத்தாள். டீக்கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீரை அடுப்பேற்றி, அதில் நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

"கிட்ட போவாம பாருடி. தண்ணி கொதிச்சதும் இந்த வட்டத் தகடு எறங்கி வழி விடுதான்னு சொல்லு" என்று என்னை நிற்கவைத்துவிட்டு, பம்ப்பின் பெல்ட்டைப் பார்க்கப் போனாள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தகடு இம்மிகூட நகரவில்லை. இதைச் சொன்னால் கார் ஓடிவிடும் என்பது என் மரமண்டைக்கு நன்றாகப் புரிந்தது. கார் ஓடினால் வாய்தா போச்சு.

"தொறந்துடுச்சு சித்தி!" என்று கத்தினேன்.

அப்பா நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சித்தியின் முகம் தொங்கிப்போனது. "அப்ப பம்ப்புதான்" என்றவள், ஏதோ உறுத்த, "எவ்வளவு தொறந்துச்சு?" என்றாள்.

பொய்யைப் பெரிதாகச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று நினைத்து இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன்.

"அடிப்பாவி, அந்தச் சாமானே அவ்வளவு கெடையாதேடி!"

டீக்கடையே சிரித்தது. சித்தி வந்து சட்டிக்குள் பார்த்தாள், என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள், அடுத்த நிமிஷம் என்னைத் தூக்கி முத்தமும் கொடுத்தாள். "மதகுதான் மாமா! பம்ப்பு இல்ல!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி எறிகிற மெக்கானிக்குகளைச் சித்தி திட்டாத நாள் கிடையாது. அன்று அவளே அதைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, மூடியை மாட்டி, தண்ணீர் ஊற்றினாள். "மதகே வேணாம், வாய்க்கா தொறந்தே கெடக்கட்டும். நாளைக்கே புதுசு போட்டுடணும்" என்றாள். கார் கிளம்பியது. சூட்டைக் காட்டும் முள் பாதியில் நின்றது.

வழியில் மறுபடி மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று பெரியவர் சித்தியையும் ஏறச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்தார். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்த வீட்டு வண்டியில் ஏறியதில்லை. எப்போதும் 'டா' போட்டே கூப்பிடுகிறவர், "நீயும் ஏறுய்யா, நேரமாவுது" என்றார். ஸ்கூட்டரை டீக்கடையில் விட்டுவிட்டு ஏறினோம். அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு சீட்டின் நுனியில் தஞ்சாவூர் வரை ஒட்டிக்கொண்டு வந்தார். சித்தி சாய்ந்து உட்கார்ந்து ஏசியைக் கூட்டச் சொன்னாள்.

கோர்ட் வாசலில் எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னய்யா கூத்து இது, எதிர்க்கட்சி கார்லயா வந்து எறங்குற?"

உள்ளே பெரியவர் கம்பை ஊன்றி நின்று, "இவன்" என்று தொடங்கி, நிறுத்தி, "இவருதான் உழுவுறாரு. இவங்க அப்பா காலத்துலேருந்து இவங்கதான்" என்றார். பெயரைப் பதிவேட்டில் ஏற்றும்படி உத்தரவாயிற்று. "முடிஞ்சுதுய்யா, இனிமே வாய்தாவே கெடையாது" என்று வராந்தாவில் வக்கீல் சொன்னதுதான் தாமதம், நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அப்பா என்னைத் தூக்கினார். பார்த்தால் அவர் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர், தோளெல்லாம் குலுங்குகிறது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாவம், என்னைப்போலவே ஆசையாக இருந்திருக்கிறார் என்று எனக்கு மனசு தாங்கவில்லை. என் அழுகையை அடக்கிக்கொண்டு, அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்.

"அழுவாதப்பா. நம்ம வேற கேஸ் போட்டுக்கலாம்."