மைக்கை அணைக்க மறந்த மரியாதைக்காரன்

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆட உட்கார்ந்தேன். நால்வர் அணி. மற்ற மூவரும் முன்பின் தெரியாதவர்கள்.

"வலது பக்கம் ரெண்டு பேர் இருக்காங்க, பாத்துக்குங்க" என்று மைக்கில் சொன்னேன். அவ்வளவுதான்.

"பொம்பளையா? உன்னையெல்லாம் யாருடி இங்க கூப்பிட்டது?" என்று அணியில் ஒருவன் ஆரம்பித்தான். சொன்னதைக் கேட்காமல் வலது பக்கமே போய்ச் சுடப்பட்டு விழுந்தான். அதற்கும் நான்தான் காரணமாம். பிறகு என் அம்மாவை இழுத்து அவன் சொன்னதை இங்கே எழுதக் கூசுகிறது.

திருப்பித் திட்ட வாயைத் திறந்தேன். அப்போது அவன் பக்கம் கதவு திறக்கும் சத்தம்.

"வாங்கம்மா, உக்காருங்க. போனுக்குக் கண்ணாடி மாத்தோணுங்களா? ரெண்டே நிமிசமுங்க, மாத்திக் குடுத்துப்போடறேன்."

அதே வாய். அதே குரல். ஆனால் இப்போது போன் கடைக்காரரின் பணிவான கோயமுத்தூர்ப் பேச்சு. மைக்கை அணைக்க மறந்துவிட்டான்.

நான் விடவில்லை.

"ஏனுங்க, எங்கம்மாவைச் சொன்னீங்களே, அதை அந்தம்மா முன்னாடி இன்னொருக்கா சொல்லுங்க பாக்கலாம்."

அடுத்த நொடி ஆட்டத்தை விட்டே ஓடிவிட்டான்.

பேசத் தெரியாதவன் என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இவனிடம் மரியாதை மூட்டை மூட்டையாக இருக்கிறது. முகம் தெரியாத பெண்ணுக்குக் கொடுக்கத்தான் மனசில்லை.

கோயமுத்தூர் மக்களே, போன் கடையில் யாராவது ரொம்பப் பணிவாக "வாங்கம்மா" என்றால், "மத்தியானம் கேம்ல இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, முகம் எப்படிப் போனது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.