மாதா நேரா நிக்கணும்

அத வுடு ஸ்டெல்லா, மேல் வூட்டுச் சண்ட எங்க போயிடப்போவுது, நாளைக்கும் இருக்கும். கீழ நிக்குதே எங்க பேரன் டோனி பிக்கப்பு வண்டி, பாத்தியா? புது ரப்பர் வாசன மாடி வரைக்கும் ஏறுது. பெரிய டயரு போட்டு ஒசரமா தூக்கி வெச்சிருக்கான். ஆனா முன்பக்கம் எறங்கி, பின்பக்கம் தூக்கிக்கினு, மாடு புல்லு மேயற மாதிரி நிக்குது. நாளைக்குக் கோயில் திருநாளு, ஊர்வலத்துல மாதா அதுலதான் வர்றாங்க. 'முன்பக்கத்த ஏத்தி லெவல் பண்ணிட்டு வந்துடறேன் பாட்டி'ன்னு கெளம்பினான். இருடான்னு நிறுத்திட்டேன். ஏன்னு கேளு.

நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ இதே லிங்கராஜபுரத்துல எங்க நைனா ஒரு பழைய பிக்கப்பு ஓட்டினாரு. மார்க்கெட்டுக்கு மூட்ட அடிக்கிற வண்டி. பாரம் தாங்கணும்னு பின்னாடி ஸ்ப்ரிங்குல இரும்புப் பட்ட ஒண்ணு கூடுதலாப் போட்டிருந்தாரு, காலியா நின்னா பின்பக்கம் வானத்துல இருக்கும். 'மாதா ஒரு வாட்டி நம்ம வண்டியில ஏறணும்'னு வருசா வருசம் பங்குச் சாமியார்கிட்ட கேப்பாரு. அந்த வருசம் சரின்னுட்டாரு. நைனாவுக்குச் சோறே எறங்கல. எனக்குச் சம்மனசு வேஷம், காக்ஸ் டவுன் டெய்லரு தெச்ச வெள்ளக் கவுனு, அட்டையில ரெக்க, அது குத்துன குத்து இருக்கே... சரி, வண்டிக்கு வரேன்.

திருநாள் கமிட்டில சவரிமுத்துத் தாத்தான்னு ஒருத்தரு, வாயத் தொறந்தா நக்கலு. வண்டியச் சுத்திப் பாத்துட்டு, 'என்னாப்பா, மாதா கம்மலத் தொலச்சிட்டுத் தேடற மாதிரி வருவாங்களா? நேரா நிக்கலன்னா வேற வண்டி பாத்துக்கிறோம்'ன்னாரு. நைனா பிரேசர் டவுன் ஸ்ப்ரிங் கடைக்கு ஓடினாரு. கடைக்கார பாய் அந்தக் கூடுதல் பட்டைய உருவிட்டு, 'லேவ், இந்தா அண்ணே, கேரம் போர்டு மாதிரி மட்டமா நிக்குது'ன்னாராம். நைனா வண்டி மேல தட்டு நெறைய தண்ணி வெச்சு தெருவையே கூப்ட்டுக் காட்டினாரு, ஒரு சொட்டு வழியல.

மறுநா சாயங்காலம் கோயில் வாசல்ல மரப் பீடம் ஏறிச்சு. மாதா ஏறினாங்க. லைட்டுக்கு ஜெனரேட்டரு ஏறிச்சு. ஆர்மோனியத்தோட பாட்டுக்கார அக்காங்க அத்தினி பேரும் ஏறினாங்க, அப்பல்லாம் அவங்க நடக்க மாட்டாங்க. வண்டி பின்னாடி பொத்துன்னு ஒக்காந்துக்கிச்சு. சவரிமுத்துத் தாத்தா, 'நேத்து கம்மலு, இன்னிக்குக் காக்கா பாக்குறாங்க'ன்னாரு. காலி வண்டிய வெச்சு அளந்தா வேற என்னா ஆவும்? பாய் கடையும் பூட்டியாச்சு. கமிட்டிக்காரங்க வேற வண்டிக்கு ஆள் அனுப்புறாங்க. நைனா ஸ்டேரிங்கப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டாரு.

எங்கம்மாதான் முந்தானிய இழுத்துச் சொருவிக்கினு வந்துச்சு. 'ஜெனரேட்டரத் தள்ளுவண்டில வெய்யுங்க. அக்காங்க எறங்குங்க, நடந்து பாடினா மாதாவுக்குக் கேக்காதா?' பெரிய பாட்டுக்காரி ரோசம்மா அத்தைக்கு வந்துச்சு பாரு கோவம்.

'ஏன், நான் என்னா மூட்டையா?'

'மூட்டையா இருந்தா பேசாம எறங்கியிருக்கும் அண்ணி.'

கோயில் வாசலே சிரிச்சிச்சு. அத்தைக்கும் சிரிப்பு வந்து எறங்கிட்டாங்க. ஒவ்வொருத்தரா எறங்க எறங்க வண்டி எழுந்துச்சு, மாதா மொகம் மெதுவாத் தாழ்ந்து தெருவப் பாத்துச்சு. சவரிமுத்துத் தாத்தா போலாம்னு கைய ஆட்டினாரு. நைனா கண்ணத் தொடச்சிக்கினு வண்டிய எடுத்தாரு.

பாட்டுக்காரங்க ஜனத்தோட ஜனமா நடந்தது அன்னிக்குத்தான். பக்கத்துலயே பாட்டு கேக்கவும், வாயே தொறக்காத ஆம்பளைங்ககூடச் சேந்து பாடினாங்க. இன்னிக்கு வரைக்கும் நம்ம கோயில்ல அப்படித்தானே? நீயும்தான் வருசா வருசம் நடந்து பாடற, எதுனாலன்னு ஒனக்கு யாரு சொன்னா?

நைனா வண்டி காயலான் கடைக்குப் போயி காலமாச்சு. ஸ்ப்ரிங் கடை எடத்துல செல்போன் விக்கிறான். போவட்டும், டோனி வண்டி நம்ம வாசல்லயே நிக்குதே, எனக்கு அது போதும். 'பீடம், மாதா, எல்லாத்துக்கும் ஈடா பாரத்த ஏத்திட்டு அப்புறம் அளடா'ன்னேன். மண்டையச் சொறிஞ்சிக்கினு, சரின்னு வண்டி பின்னாடி காலி டிரம்முங்கள அடுக்கி வெச்சிருக்கான்.

தோ, கொழாயில சத்தம் கேக்குது, காவேரித் தண்ணி வந்துடுச்சு. எழுந்திரு ஸ்டெல்லா, பைப்ப வண்டி வரைக்கும் நீட்டி டிரம்முங்கள ரொப்பணும். நீ அந்த முனையப் புடி.