திட்டாமல் விட்ட ஒரு சாயங்காலம்

என் மகளுக்கு எது நடந்தாலும் முதலில் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் என் தங்கைக்குத்தான் தெரியும். அங்கிருந்து போனில், நாங்கள் இருக்கும் விருத்தாசலத்துக்குத் திரும்பி வந்து என்னைச் சேரும். போன வருஷம் கல்லூரியில் கணக்குப் பேப்பரில் அவள் தவறிய செய்தியும் அப்படித்தான் வந்தது. இத்தனைக்கும் நானும் அவளும் ஒரே அறையில் படுக்கிறவர்கள். வலித்தது. ஆனால் என் வாய்தான் காரணம் என்று தெரியாதவள் இல்லை நான். "எனக்குக் கோவம் தானா வந்துடுதுடி" என்று தங்கையிடம் ஏதோ பெருமைபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பீங்கான் பட்டறையில் பொம்மைகளைக் கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சுக் கரைசலில், முக்கி எடுப்பது என் வேலை. முக்கியதும் அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சூளைக்குள் கிளேஸ் உருகி, பொம்மை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் காலையில் மகளிடம் கத்திவிட்டு வந்தவள், மிச்சத்தை மனதுக்குள் கத்திக்கொண்டே முக்கி, அடியைத் துடைக்காமலே வைத்திருக்கிறேன். சூளையைத் திறந்தால், ஒரு தட்டு நிறையப் பிள்ளையார்கள் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்கள். உளி வைத்துத் தட்டியதில் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை.

கை தானாகச் செய்துவிடும் என்று நம்பியதால் வந்த வினை. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக அடியைப் பார்த்துத் துடைத்தேன். அந்தப் பார்வை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கோபம் வரும்போது எனக்கு முதலில் காது சுடுகிறது. பிறகு நாக்கு பல்லை முட்டுகிறது. அதற்கப்புறம்தான் சொல் வருகிறது. நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கிறது, அந்த நேரம் முழுக்க என்னுடையது. முதல் வாரம் இதையெல்லாம் நன்றாகப் பார்த்துக்கொண்டே திட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம், தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா... மறுபடியும் அந்தக் கணக்குப் பேப்பரு போயிடுச்சும்மா."

காது சுட்டது. 'எந்நேரமும் போனும் கையுமா இருந்தா?' என்று ஆரம்பித்து நாலு வாக்கியங்கள் வரிசையில் நின்றன. நாலையும் பார்த்தேன். ஒரு மூச்சு விட்டேன்.

"உக்காரு. எங்க புரியல?"

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "திட்டலியா?"

"திட்டணும்னுதான் இருக்குது. வேணாம்னு வச்சிருக்கேன்."

சிரித்தாள், உடனே அழுதாள். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்க வெட்கம் என்றாள். கம்மாபுரத்துத் தோழி ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தருகிறாளாம், போகலாமா என்று கேட்டாள். தோசை கருகிப் புகைந்தது. இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சித்திகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லம்மா. உன்கிட்டதான் மொதல்ல."

அடுப்பை அணைக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டேன். என் முகம் எனக்கே அடங்கவில்லை.

சாப்பிட்டு முடிக்கும்போது தங்கை வழக்கம்போலப் போன் செய்தாள். "ஏன்க்கா, ரிசல்ட்டு வந்துடுச்சாமே? அவ ஒண்ணும் சொல்லலியே எங்கிட்ட?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "அவளே உங்கிட்ட சொல்லுவா." மகளிடம் போனை நீட்டினேன்.

அந்த 'எனக்குத் தெரியும்' வாய் தவறி வந்ததல்ல. காது சுடவில்லை, நாக்கு முட்டவில்லை. நிதானமாக யோசித்து, வேண்டும் என்றே சொன்னேன்.