தாளாளர் வீட்டுக் கழிப்பறை

தூத்துக்குடியில் துறைமுக ரோட்டுக்குக் கிழக்கே எங்கள் தெரு. மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது, காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ஓடினேன். அந்தத் தனியார் பள்ளியின் தாளாளர், அவரும் ஒரு பெண்தான், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில ஒருவாய் சோறு கொடுத்து அனுப்ப மாட்டியா? கடக்கரைப் பொம்பளைகளுக்குப் பிள்ளை வளக்கத் தெரியாது."

டீச்சர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்த நேரம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சொல் மட்டும் நெஞ்சில் எரிந்துகொண்டே இருந்தது.

சுகாதார நிலையத்தில் சோதித்தார்கள். இரத்தம் குறைவு, வயிற்றில் கொக்கிப்புழு. புழுவுக்கும் இரத்தம் ஊறவும் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைக்கு முகம் தெளிந்தது; கூட ஒரு தோசை கேட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி வெளுத்துப்போனாள். மறுபடி அதே புழு.

"போலி மாத்திரையா சிஸ்டர்?" நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"மாத்திரை நல்லா வேலை செய்யுதுக்கா. வயித்துல கிடக்குதது முக்கால்வாசி செத்துரும். புதுசா ஏறுததை அது எப்படித் தடுக்கும்? பிள்ளை வெளிக்கு எங்க போகுது?"

"வீட்டுல கக்கூஸ் இருக்கே."

"பள்ளிக்கூடத்துல?"

மகளைக் கேட்டேன். பள்ளிக்குப் பின்னாலிருக்கும் உடைமர முள்காட்டுக்குள்தான் எல்லோரும் போவார்களாம். செருப்பை வகுப்பு வாசலிலேயே விட வேண்டும், ஆகவே வெறுங்கால். ஈர மண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு உள்ளங்கால் தோலைத் துளைத்து ஏறும் என்றார் நர்ஸ். பள்ளியில் டைல்ஸ் பதித்த கழிப்பறை இருந்தது. ஆய்வுக்கு ஆள் வந்தால் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு.

தாளாளரிடம் கேட்டேன். "தொறந்து விட்டா ஒங்க பிள்ளையள் நாறடிச்சிரும்" என்றார்.

மறுநாள் இடைவேளைக்குத் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அவரவர் பிள்ளைகளைக் கையில் பிடித்து, அடுத்த தெருவிலிருந்த தாளாளர் வீட்டுக்கு நடந்தோம். மருமகள் கதவைத் திறந்தாள்.

"பிள்ளையளுக்கு அவசரம்மா. ஒங்க மாமி பள்ளிக்கூடத்துல பூட்டிப் போட்டிருக்காவ. அதான் இங்கன வந்தோம்."

அவள் யோசிப்பதற்குள் மண் காலோடு பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். செய்தி கேட்டுத் தாளாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தெருவே கூடிவிட்டது.

"என்ன அநியாயம் இது? வெளிய போங்க!"

"நாளைக்கும் வருவோம் மேடம். பூட்டைத் தொறக்குத வரைக்கும் வருவோம்."

அத்தனை பேர் முன்னால் அவர் முகம் சுண்டியதைக் கண்குளிரப் பார்த்தேன். சொன்னபடி மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாள் பூட்டு இல்லை. தண்ணீர், சோப்பு, காலில் செருப்பு, எல்லாம் வந்தது. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடுத்துக் கொடுத்த புழு மாத்திரைக்குப் பிறகு மகளுக்கு ஏறிய இரத்தம் இறங்கவேயில்லை.

போன மாதம் திருச்செந்தூர் பஸ்ஸில் முன் சீட்டில் தாளாளர். நான் எழுந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்தாள்.

"பிள்ளைதான் நல்லாயிட்டால்லா. விடு ஏளா."

விடவில்லை. குனிந்து மரியாதையாகக் கேட்டேன்: "மேடம், வீட்டுல கக்கூஸ் கழுவியாச்சா?"

அவர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.